முருகன் துணை எழுதிய எருமைக் கோப்பை

திருக்கோகர்ணத்தில் கோயில் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், மாடியில் இரண்டு அறை எடுத்து சோபியா பல் செய்துகொண்டிருக்கிறாள். அவள் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பீங்கானில் பல் செய்து கொடுக்கும் லேப் அவளுடையது. பவுடரைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை எழுப்பி, டிபன் கேரியர் உயரத்துக்கு இருக்கும் மின் உலையில் தொள்ளாயிரம் டிகிரிக்குச் சுட்டு எடுப்பாள். பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. புதுக்கோட்டையில் நன்றாகச் சிரிக்கிற பல பேருடைய முன்பல் அவள் கைவேலை.

பகலெல்லாம் பீங்கானோடு கிடக்கிற ஒருத்திக்கு வீட்டுக்குப் போனாலும் பீங்கான்தான் வேண்டியிருக்கிறது என்பது அவள் புருஷன் அடைக்கலராஜுக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காரைக்குடி போனவள், பழைய சாமான் கடை ஒன்றின் வாசலில் நின்றுவிட்டாள். வெள்ளைக் கோப்பை ஒன்று. அதில் தங்கப் பூச்சில் கவராயமும் மூலைமட்டமும் குறுக்காக வைத்த சின்னம். மேல்பூச்சைச் சுட்டு இறக்கியபிறகு தங்கத்தை எழுதி, மறுபடி மெல்லிய சூட்டில் சுட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. நூறு வருஷமாகியும் அந்தத் தங்கம் ஒரு பொட்டு உரியவில்லை. "எப்படிய்யா சுட்டாய்ங்க!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கடைக்காரர் விலையை ஏற்றியதற்கு அதுதான் காரணம்.

அது என்ன சின்னம் என்று தேடப் போய்த்தான் அவளுக்கு ஒரு பெரிய உலகம் திறந்தது. வெள்ளைக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே தங்கள் சங்கங்களையும் கொண்டுபோனார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரா என்று கூப்பிட்டுக்கொள்ளும் சங்கங்கள். கவராயமும் மூலைமட்டமும் ஒன்றுக்குச் சின்னம். மூன்று சங்கிலி வளையம் இன்னொன்றுக்கு. எருமைத் தலையைச் சின்னமாக வைத்துக்கொண்ட சங்கமும் உண்டு. கூடுகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். ஆண்டு விழா என்றாலும் தலைவர் பதவியேற்றாலும் ஞாபகத்துக்கு ஒரு கோப்பையோ தட்டோ சீமையில் செய்து வரவழைத்திருக்கிறார்கள். மலேயாவிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் அந்தத் துரைகளிடம் வேலை பார்த்த நம் ஜனங்களின் பெட்டிகளில் ஏறி, அதில் சில இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தன.

"ஏதோ லாட்ஜ் கோப்பை சேக்குறாங்களாமே ஒங்க வீட்ல? எந்த லாட்ஜு, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இருக்கே அதா?" என்று அடைக்கலராஜிடம் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்கு வேறொரு உறுத்தலும் இருந்தது. பூர்வீகம் ஆவூர்; தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்.

"இந்தச் சங்கத்துல சிலதுக்கும் நம்ம திருச்சபைக்கும் ஆகவே ஆகாதாம்ல?" என்றார் ஒருநாள், அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"நான் என்ன சங்கத்துலயா சேந்தேன்? கோப்பையத்தானங்க வாங்குனேன்," என்றாள் சோபியா. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரே அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார்.

போன வருஷம் ஆனி மாதத்தில் அவளிடம் முப்பத்தேழு உருப்படி இருந்தன. அப்போதுதான் பிரசாந்த் போன் செய்தான். அரிமளத்தில் பழைய வீடு இடிக்கிற இடங்களில் கதவு, தூண், பாத்திரம் என்று மொத்தமாக வாங்கி விற்கிறவன். சோபியாவுக்குப் பழக்கமான வியாபாரி.

"அக்கா, வாட்ஸ்அப்பப் பாருங்க. சீக்கிரம் பாருங்க."

பார்த்தாள். இரண்டு கைப்பிடி வைத்த பெரிய கோப்பை. வயிற்றில் எருமைத் தலை, கொம்பு இரண்டும் தங்கம். மேலே வளைவாக ஆங்கிலத்தில் தைப்பிங் என்ற மலேயா ஊர்ப் பெயரும் 1931 என்ற வருஷமும். இதுவரைக்கும் சரி. கொம்புகளுக்குக் கீழே இருந்த இரண்டு வரியைப் படித்ததும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

மு. ஆண்டியப்பன்.

முருகன் துணை.

தமிழில், தங்கத்தில். எருமைச் சங்கத்துக் கோப்பையில் முருகன் துணை! எட்டு வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

"பிரசாந்து, அத யாருக்கும் காட்டாத. கீழ வச்சிராத. இல்ல இல்ல, கைலயும் வச்சுக்காத, துணிய விரிச்சு மேசைல வையி. நான் வாரேன்."

சொல்லிவிட்டாளே தவிர நகர முடியவில்லை. உலையில் மூன்று பல் சேர்ந்த பாலம் ஒன்று சூடேறிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டால் வெடித்துவிடும். சாயங்காலம் அது ஒரு மாப்பிள்ளையின் வாய்க்குப் போயாக வேண்டும். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், அடைக்கலராஜுக்கு அனுப்பினாள், பாலத்தைத் திட்டினாள். உலை கூவியதும் எடுத்து ஆறவைத்து, கீழ்வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்து, டாக்டரின் ஆள் வந்தால் கொடுக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஹெல்மெட்டுக்குள் தானாகவே பேசிக்கொண்டு போனாள் என்பதை அரிமளம் வந்த பிறகுதான் உணர்ந்தாள்.

பிரசாந்த் நிஜமாகவே துணி விரித்து வைத்திருந்தான். சோபியா பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"என்னக்கா, டூப்ளிகேட்டா?"

"நல்லா அசலு. இங்க பாரு. எருமைய எழுதுன தங்கம் வேற, இந்த எழுத்தோட தங்கம் வேற. இது கொஞ்சம் செவப்பா இருக்கு பாத்தியா? பேருக்கு மட்டும் எடத்த வெறுமனே விட்டு சீமைலருந்து அனுப்பிருக்கான். அங்க போனப்புறம் யாரோ எழுதிச் சுட்டிருக்கான்."

துணை என்ற சொல்லில் பழைய புத்தகங்களில் வருகிற, தும்பிக்கை தூக்கிய 'ணை' இருந்தது. ஆகவே அந்தக் காலத்து எழுத்துதான். ஆனால் வேறொன்று அவளை உலுக்கியது. தூரிகை பீங்கானைத் தொடும் இடத்தில் வண்ணம் தடித்து விழும், எடுக்கிற இடத்தில் மெலியும். தினமும் அந்த வேலையே செய்கிறவளுக்கு அதைப் படிப்பது எழுத்தைப் படிப்பது மாதிரி. இங்கே தமிழ் தெரிந்த கை எங்கே தொடங்குமோ அங்கெல்லாம் கோடு முடிந்திருந்தது. 'ஆ'வை வாலிலிருந்து தலைக்கு இழுத்திருந்தது அந்தக் கை. 'ப்' என்பதன் புள்ளி எழுத்துக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் தள்ளிக் கிடந்தது.

"இத எழுதுனவனுக்குத் தமிழ் தெரியாது பிரசாந்து!" என்று கத்தினாள். "இவன் எழுதல, வரைஞ்சிருக்கான். யாரோ எதுலயோ எழுதிக் குடுத்ததப் பாத்து வரைஞ்சிருக்கான்!"

பிரசாந்துக்கு அதில் என்ன சந்தோஷம் என்று விளங்கவில்லை. எந்த வீட்டில் எடுத்தது என்று அவள் நாலு தரம் கேட்டபிறகு சொன்னான். கீரமங்கலத்தில் பழனிச்சாமி என்பவர் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுகிறார். பரண் சாமானெல்லாம் மொத்தமாக அள்ளியது. "அவரு அக்கா ஒருத்தவங்க அங்கயே பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்காங்க. பேரு அமுதவல்லி. அவுங்களுக்குத்தான் பழங்கதை தெரியும்னாரு."

கோப்பையை வாங்கிக்கொண்டாள். அன்றே கீரமங்கலம் போகத்தான் துடித்தாள். அடைக்கலராஜ் போனில் அதட்டியதால் மறுநாள் காலை என்று முடிவானது.

பூ மார்க்கெட்டில் அமுதவல்லியைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ஐம்பத்தேழு வயது. தராசுக்குப் பின்னால் நின்று, இடது கையால் மல்லிகைக் குவியலைத் தள்ளிக்கொண்டே வலது காதில் போனை வைத்துத் திருச்சிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். சனம் குறையும்வரை காத்திருந்த சோபியா, பையிலிருந்து கோப்பையை எடுத்து, ஈரச் சாக்கின் மேல் வைத்தாள்.

அமுதவல்லி பார்த்தார். போனில் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

"இது எப்புடி ஒங்கிட்ட வந்துச்சு?"

சோபியா சொன்னாள். அமுதவல்லி திருச்சிக்காரரைத் துண்டித்துவிட்டுத் தம்பிக்குப் போட்டார்.

"ஏன்டா பழனிச்சாமி! தாத்தா கோப்பைய பழைய சாமான்காரன்ட்ட அள்ளிக் குடுத்தியா நீ? என்னது? எமன் வாகனமா? புதுவீட்டுக்கு ஆகாதுன்னு ஜோசியன் சொன்னானா? முருகன் துணைன்னு எழுதியிருக்கேடா அதுல, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

அக்கம்பக்கக் கடையெல்லாம் திரும்பிப் பார்த்தது. தாத்தா! அப்படியானால் ஆண்டியப்பன் இந்த அம்மாளின் தாத்தா.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பேர எழுதுனது யாரு?"

"அதுவா? சீனன்," என்றார் அமுதவல்லி, ஊரறிந்த விஷயம் போல. "தைப்பிங் கடைத்தெருவுல ஒரு சீனன் இருந்தானாம், பீங்கான்ல பூப் போடுறவன். எங்க தாத்தா சிலேட்டுல எழுதிக் குடுத்தாராம். புள்ளிய எங்க வச்சிருக்கான் பாரு, கூறுகெட்டவன். எங்க அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

சோபியா அந்த ஈரச் சாக்கின் முன்னாலேயே கையைத் தட்டிவிட்டாள். நேற்று பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னது அத்தனையும் நிஜம்! அமுதவல்லிக்கு இந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிருக்க வேண்டும். கடையைப் பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

வீட்டில் காப்பி வருவதற்குள் கதை வந்துவிட்டது. ஆண்டியப்பன் இருபது வயதில் கப்பலேறியவர். தைப்பிங்கில் ரயில்வே துரைகள் நடத்திய எருமைச் சங்கத்து லாட்ஜில் குசினிச் சமையல்காரர். உறுப்பினர் ஆளுக்கொரு கோப்பை, பெயரெழுதி, சுவரில் வரிசையாகக் கொக்கியில் தொங்கும். கூட்டம் தொடங்கினால் கதவைச் சாத்திவிடுவார்கள். கோழிக்கறியை வெளியே வைத்துவிட்டுத் தட்ட வேண்டும். பதினாறு வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றவர் அவர்.

"ஒருநாள் குசினி தீப்பிடிச்சிருச்சு. பலகை வீடு. எல்லாரும் ஓடுறாங்க. எங்க தாத்தா சாக்க நனைச்சுப் போத்திக்கிட்டு உள்ள போயி, அந்தக் கதவ ஒதச்சுத் தெறந்து, சுவத்துல தொங்குன கோப்பை அம்புட்டையும் சாக்குல போட்டுக் கொண்டாந்துட்டாரு. மூணு தரம் போனாராம். விடிஞ்சு தொரைமாரு வந்து பாத்தா, லாட்ஜு கரியாக் கெடக்கு. புல்லுல நாப்பத்தாறு கோப்பை வரிசையா நிக்கிது. ஒண்ணு ஒடையல."

"எதுக்கக்கா போனாரு? யாருகிட்டயாவது சொன்னாரா?"

"கேட்டதுக்கு, 'பதினாறு வருசம் கழுவுனவன் நான், எந்தக் கோப்பை எவனுதுன்னு எனக்குத்தான் தெரியும்'னாராம்."

சங்கத்தில் அவரைச் சேர்க்கவில்லை. அது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. ஆனால் புதுக் கட்டடத்தில் நாற்பத்தேழாவது கொக்கி அடித்தார்கள். அதற்குச் சீமையிலிருந்து வந்த கோப்பைதான் இது. பெயரை என்ன மொழியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்றதும் ஆண்டியப்பன் முருகனையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

சோபியா நோட்டில் எழுதவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். அமுதவல்லி எழுந்து உள்ளே போய், பூஜை அலமாரியிலிருந்து எதையோ எடுத்து, அதிலிருந்த விபூதியைத் தாளில் கொட்டிவிட்டு வந்தார்.

பீங்கான் மூடி. அதன் உச்சியில் பிடித்துத் தூக்க வாகாகச் சின்ன எருமைத் தலை. ஒரு கொம்பு முழுசாக, மறு கொம்பு பாதியில் முறிந்து.

"கோப்பைக்கு மூடி இருக்கா!" சோபியா கோப்பையைப் பக்கத்தில் இழுத்தாள். "வச்சுப் பாக்கட்டுமாக்கா? ஒரே ஒரு தடவ?"

வைத்தாள். 'டிக்' என்ற சின்னச் சத்தம். இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மூடியக் குடுத்துருங்கக்கா."

"கோப்பையக் குடுத்துரு ஆத்தா."

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஆனால் இருவருமே விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் அமுதவல்லிதான் முடிவு சொன்னார். "இப்பத்தான் சேந்துருக்கு, நான் பிரிக்க மாட்டேன். நீ பல்லு கட்டுறவதானே? ரெண்டையும் கொண்டுபோ. அந்தக் கொம்பக் கட்டிக் குடு. அப்புறம் ஆருகிட்ட இருக்கணும்னு பேசுவோம்."

ஒன்பது நாள் அந்தக் கோப்பை லேபில் இருந்தது. சோபியா அதற்குமுன் ஆயிரக்கணக்கான பல் செய்திருக்கிறாள். எருமைக் கொம்பு இதுதான் முதல். பழைய மூடியை உலையில் வைக்க முடியாது, விரிசல் விடும். ஆகவே கொம்பைத் தனியாகச் செய்து ஒட்ட வேண்டும். பல் நிறம் பார்க்கிற பட்டைகளை ஒவ்வொன்றாக மூடியோடு வைத்துப் பார்த்தாள். எந்த மனிதப் பல்லுக்கும் அந்த நிறம் இல்லை. லேசான நீலம் ஓடிய வெள்ளை. மூன்று பவுடரைக் கலந்து சுட்டதில் முதல் கொம்பு மஞ்சளடித்தது. இரண்டாவது நிறம் சரி, வளைவு தப்பு. ஆட்டுக் கொம்பு மாதிரி நின்றது. அடைக்கலராஜ் செல்போனில் எருமைப் படமாக எடுத்துவந்து காட்டினார். வெள்ளாற்றுப் பக்கம் போய் நிஜ எருமையையும் படம் பிடித்து வந்திருந்தார். மூன்றாவது கொம்பு உலையிலிருந்து வெளிவந்தபோது, "வந்துருச்சு! வந்துருச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிட்டார். பழைய கொம்பைப் போலவே நுனியில் தங்கம் பூசி, மறுபடி லேசாகச் சுட்டு, பல் ஒட்டுகிற பசையால் ஒட்டி, பசை இறுக நீல விளக்கை இருபது விநாடி காட்டினாள்.

முழுசான கோப்பையை அலமாரியின் நடுத்தட்டில் வைத்துப் பார்த்தாள். மற்ற முப்பத்தேழும் அதற்குக் காவல் நிற்கிற மாதிரி இருந்தன.

"திருப்பிக் குடுக்கப் போறியா?" என்றார் அடைக்கலராஜ். "காசு குடுத்து வாங்குனதுதானே. அந்தம்மா அடம் பிடிக்கிற ஆளாத் தெரியல."

சோபியா மற்ற கோப்பைகளின் பெயர்களை வரிசையாக விரலால் தொட்டாள். "இதுல பாதிக்கு மேல பேரு எழுதியிருக்குங்க," என்றாள் பிறகு. "ஹாரிஸு, மெக்லீனு, யார் யாரோ. எங்க தேடிப் போயி யாருட்டக் கேப்பேன்? இந்தப் பேருக்கு மட்டும் ஆளு இருக்கு. கீரமங்கலத்துல பூ நிறுத்துக்கிட்டு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவருமாகப் போனார்கள். அமுதவல்லி மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு கொம்பைத் தடவினார், மறு கொம்பைத் தடவினார்.

"எது ஆத்தா ஒடஞ்ச கொம்பு?"

சோபியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாழ்நாளில் வாங்கிய பாராட்டிலேயே அந்தக் கேள்விதான் பெரிது என்று இன்றைக்கும் சொல்கிறாள். "ஒங்க வீட்லயே இருக்கட்டும்க்கா. நான் வந்து வந்து பாத்துக்கிறேன்," என்று அவள் சொன்னபோது, பேரம் பேசத் தயாராக நின்ற அமுதவல்லி நேரே உள்ளே போனார். பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தார். மரச் சுவர், கொக்கி வரிசை, வரிசை முழுக்கக் கோப்பைகள். கடைசிக் கோப்பைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, நெற்றியில் பட்டை போட்டு ஒரு மனிதர். "இத வச்சுக்க. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

சோபியா நினைத்தது அத்தோடு கதை முடிந்தது என்று. ஆனால் நடந்தது வேறு. வீட்டில் அந்தக் கோப்பையைத் தினமும் பார்க்கப் பார்க்க, மற்ற சங்கங்களின் சின்னமெல்லாம் எப்படி இருக்கும் என்று அமுதவல்லிக்கு ஆசை வந்துவிட்டது. சோபியாவின் அலமாரியைப் பார்க்க ஒருநாள் பஸ் ஏறி வந்தார், பார்த்தார், போகும்போது கவராயம், சங்கிலி, எருமை மூன்றையும் ஒரு சீட்டில் வரையச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே அது பூ வியாபாரிகளின் போன்களில் சுற்றியது. சுற்று வட்டாரத்தில் எந்த ஊரிலிருந்து பூ வருகிறதோ அந்த ஊரிலெல்லாம் அமுதவல்லிக்கு ஆள் உண்டு. எட்டு வருஷத்தில் சோபியா தேடிச் சேர்த்தது முப்பத்தேழு. அந்த அம்மாள் இறங்கிய எட்டு மாதத்தில் இன்னும் பதினொன்று வந்துவிட்டது. வருகிற ஒவ்வொன்றுக்கும் இருவரும் சண்டை போடுகிறார்கள். இதுவரை ஏழு சோபியாவிடம், நாலு அமுதவல்லியிடம்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லேபுக்குப் போன் வந்தது.

"சோபியா, கீழ எறங்கி வா. பூ வண்டில நிக்கிறேன். ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்ல மூணு சங்கிலி போட்ட தட்டு. நூறு வருசத்துத் தட்டாம். அதுல கோழிக்குத் தண்ணி வக்கிறாளாம்!"

"அய்யய்யோ! ஒலைல பல்லு கெடக்குக்கா, இருபது நிமிசம்!"

"பத்து நிமிசம் தாரேன். இல்லாட்டி அது எனக்கு," என்றார் அமுதவல்லி. கீழே தெருவில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.